உலோகம் அப்படியே இருந்தது: காவேரிப்பட்டினத்துக் கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

காரின் சைலன்சர் வழியில் அமர்ந்து புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கிப் பெட்டிதான் கன்வர்ட்டர். ஓசூரில் சிப்காட்டை ஒட்டிய தெரு ஒன்றில் பழைய கன்வர்ட்டர் வாங்கும் கடை இருக்கிறது. கடைக்காரர் ஒரு சிட்டிகை சாம்பல் நிறப் பொடியைச் சின்னக் கிண்ணத்தில் அமுக்கினார். துளை போடும் மெஷினைப் போலத் தோன்றிய எக்ஸ் கதிர்க் கருவியை அதன்மேல் வைத்து விசையை அழுத்தினார். அரை நிமிடத்தில் திரையில் எண்கள் வந்தன.

"நல்ல சரக்கு சார். பல்லேடியம் குறையவே இல்லை. இந்த மாடலுக்கு வழக்கமாக வருகிற அளவுதான்" என்றார்.

அந்தப் பொடி, மூன்று மாதங்களுக்கு முன் கிருஷ்ணகிரியில் ஒரு மெக்கானிக் "இது செத்துவிட்டது" என்று கழற்றிப் போட்ட கன்வர்ட்டரிலிருந்து நான் சுரண்டி எடுத்தது. கடைக்காரர் சொன்னதும் சரி, மெக்கானிக் சொன்னதும் சரி. வினையூக்கியின் உயிர் அதிலுள்ள விலையுயர்ந்த உலோகமான பல்லேடியத்தில்தான் இருக்கிறது என்று நம்புகிறவருக்கு இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. நான் அப்படித்தான் நம்பியிருந்தேன். தருமபுரியில் கல்லூரி மாணவர்களுக்கு வேதியியல் நடத்துகிறேன். வினையூக்கிப் பாடத்தில் 'தாங்கி' வரும்போது, உலோகத்தைப் பரப்பி வைக்க உதவும் செயலற்ற பொருள் என்று ஒரே வரியில் கடந்துபோவது என் பழக்கம். அந்த ஒரு வரி எவ்வளவு தவறானது என்பதை என் அக்காள் கணவரின் கார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

வண்டியும் ஓட்டமும்

மாமாவுக்குக் காவேரிப்பட்டினத்தில் மாந்தோப்பு இருக்கிறது. பெங்களூரா காய்தான் அதிகம். பருவத்தில் மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும். ஜூன், ஜூலை மாதங்களில் அவர் வீட்டில் இருப்பது அரிது. காலையில் ஆலை, மதியம் பெங்களூரு, இரவில் மீண்டும் தோப்பு. கார் 2018இல் வாங்கியது, பெட்ரோல், பிஎஸ்-4 என்ற புகைத் தரத்துக்கு உட்பட்ட வகை.

சென்ற பருவத்தின் நடுவில் என்ஜின் மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியது. நான்கு சிலிண்டரில் ஒன்று சரியாக எரியவில்லை. சூளகிரி மேட்டில் வண்டி திணறும், டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டும். நிலையாக எரியும் விளக்கு "நேரம் கிடைக்கும்போது பார்" என்கிறது. சிமிட்டும் விளக்கு "இப்போதே நிறுத்து" என்கிறது. மாமா இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார். "காய் அழுகிவிடும் மாப்பிள்ளை, விளக்கு அழுகாது" என்றார். ஏறக்குறைய மூன்று வாரம் அப்படியே ஓட்டினார். பிறகு சிலிண்டரில் தீப்பொறி உண்டாக்கும் இக்னிஷன் காயில் ஒன்றை மாற்றியதும் மிஸ்ஸிங் நின்றது. விளக்கு மட்டும் நிற்கவில்லை. இந்த முறை சிமிட்டாமல் நிலையாக எரிந்தது. புகைச் சான்றிதழ் புதுப்பிக்கப் போனபோது, நின்ற நிலை ஓட்டத்தில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம் வந்தது. இவ்வகைக் காருக்கு வரம்பு 0.3.

இரண்டு கோடுகள்

கிருஷ்ணகிரி மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினார். பி0420 என்ற குறி வந்தது. வினையூக்கியின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்று பொருள். பலர் இந்தக் குறியைப் பார்த்த உடனே கன்வர்ட்டரை மாற்றச் சொல்லிவிடுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. குளிர்ந்த சைலன்சரின் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, வண்டியைக் கிளப்பி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். பின் சென்சாரை வேறொன்றால் மாற்றிப் பார்த்தார். என்ஜின் ஆயில் குறைகிறதா என்று மாமாவிடம் இரண்டு முறை கேட்டார், குச்சியை உருவி அளவையும் பார்த்தார். அந்தக் கேள்வியின் வேதியியல் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்; ஆனால் கேள்வி மிகச் சரியானது. ஆயிலில் சேர்க்கப்படும் பாஸ்பரஸ், ஆயில் எரியும்போது கன்வர்ட்டருக்குள் போய் அங்குள்ள பூச்சில் இருக்கும் சீரியம் என்ற தனிமத்தைச் சீரியம் பாஸ்பேட்டாகக் கட்டிப்போடும். இங்கே ஆயில் குறையவில்லை.

பிறகு திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார். கன்வர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன் சென்சாரின் கோடு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கியது. அது ஆடத்தான் வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற புள்ளியைச் சுற்றி, கொஞ்சம் கூடுதல், கொஞ்சம் குறைவு என்று என்ஜின் தடவித் தடவித்தான் ஓடுகிறது. பின் சென்சாரின் கோடு 0.6, 0.7 வோல்ட்டுக்குப் பக்கத்தில் அநேகமாக அசையாமல் இருக்க வேண்டும். மாமாவின் காரில் அது முன் கோட்டின் நிழலைப் போலக் கூடவே குதித்தது.

"பின்னால் இருக்கிற கோடு தூங்க வேண்டும் சார். இது விழித்துக்கொண்டு ஆடுகிறது" என்றார் மெக்கானிக்.

நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். காருக்குள் கார்பன் மோனாக்சைடை அளக்கும் சென்சார் எதுவும் கிடையாது. கன்வர்ட்டர் வேலை செய்கிறதா என்பதை என்ஜின் கணினி, அது ஆக்சிஜனைச் சேமித்து வைத்துத் திருப்பித் தருகிறதா என்ற ஒரே கேள்வியின் மூலம்தான் அறிகிறது. ஆக்சிஜனைச் சேமிப்பது பல்லேடியம் அல்ல, அது உட்கார்ந்திருக்கும் ஆக்சைடு. விலையுயர்ந்த உலோகத்துக்கு வைத்ததாக நாம் நினைக்கும் தேர்வை எழுதுவது அதன் கீழே இருக்கும் மண்.

பெட்டியை அறுத்தபோது

கழற்றிய கன்வர்ட்டரைக் கிரைண்டரால் அறுத்துப் பார்த்தோம். தேன்கூடு உருகியிருக்கும், உடைந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். எதுவுமில்லை. சதுரக் கண்கள் வரிசை கலையாமல் இருந்தன. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி கடந்து வந்தது. ஒரே ஒரு வேறுபாடு: ஓரத்தில் பழுப்பு கலந்த சாம்பல் நிறம், நடுவில் வெளிறிய சாம்பல். ஊசியால் கீறினால் ஓரத்துப் பூச்சு மாவாக உதிர்ந்தது, நடுப்பகுதிப் பூச்சு சிறு செதில்களாகப் பெயர்ந்தது.

இந்தத் தேன்கூடு கார்டியரைட் என்ற பீங்கான். அதன் வேலை வடிவம் தருவது மட்டுமே. அதன்மேல் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. உண்மையான தாங்கி அதுதான். பெரும்பகுதி காமா அலுமினா என்ற அலுமினியம் ஆக்சைடு, கூடவே சீரியமும் சிர்கோனியமும் கலந்த ஆக்சைடு. காமா அலுமினா ஒரு கிராமை எடுத்து அதன் நுண்துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட முடிந்தால் 100 முதல் 200 சதுர மீட்டர் வரை வரும். நம் ஊரில் ஒரு நடுத்தர வீட்டு மனை அளவு. அந்த மனையின் மேல்தான் சில நானோமீட்டர் அளவுள்ள பல்லேடியத் துகள்கள் தள்ளித்தள்ளி உட்கார்ந்திருக்கின்றன.

இரண்டு இடத்துப் பொடியையும் படிக வடிவத்தைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக் கருவி வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். ஓரத்துப் பொடியில் அலுமினாவின் வரிகள் மழுங்கிய மேடுகளாக வந்தன; காமா வடிவத்தின் அடையாளம் அது. நடுப்பகுதியில் 35, 43, 57 டிகிரிக் கோணங்களை ஒட்டிக் கூர்மையான வரிகள் எழும்பியிருந்தன. அவை ஆல்பா அலுமினாவுக்கு உரியவை. குருந்தக் கல்லும் மாணிக்கமும் அதே படிக வடிவம்தான். கெட்டியானது, துளையற்றது, புறப்பரப்பு கிராமுக்கு 10 சதுர மீட்டர் கூடத் தேறாது. இந்த மாற்றத்துக்கு 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் தேவை. சீரியம் ஆக்சைடின் வரிகளும் கூர்மையாகியிருந்தன, அதாவது அதன் பரல்களும் ஒன்றுசேர்ந்து பருத்துவிட்டன. 40 டிகிரிக் கோணத்தில் பல்லேடியத்தின் வரி. அதன் அகலத்தை வைத்துக் கணக்கிட்டால் துகளின் அளவு ஏறக்குறைய 40 நானோமீட்டர். 3 நானோமீட்டர் துகளில் மூன்றில் ஒரு பங்கு அணுக்கள் வெளியே தெரியும். 40இல் நூற்றுக்கு மூன்றுதான் தெரியும்.

வெப்பம் எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. எரியாத சிலிண்டர் பெட்ரோலையும் காற்றையும் சேர்த்தே வெளியே தள்ளுகிறது. அவை கன்வர்ட்டருக்குள் போய் எரிகின்றன. புகையில் ஒரு சதவீதம் கார்பன் மோனாக்சைடு எரிந்தாலே வெப்பநிலை ஏறத்தாழ 90 டிகிரி உயரும். ஒரு சிலிண்டரின் முழு எரிபொருளும் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல்லேடியம் உருக 1555 டிகிரி வேண்டும். அதனால் உலோகம் உருகி ஓடவில்லை, ஓசூர்க் கடைக்காரரின் கருவி அதை முழுதாகக் கண்டது. ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே, 650 டிகிரியை ஒட்டியே, துகளிலுள்ள அணுக்கள் இடம்விட்டு நகரத் தொடங்கிவிடும். கீழே அலுமினாவின் சுவர்கள் இடிந்து ஒன்றோடொன்று ஒட்டும்போது தள்ளித்தள்ளி இருந்த துகள்கள் நெருங்கிக் கூடின. சில துகள்கள் இடிபாட்டுக்குள்ளேயே புதைந்தன. எக்ஸ் கதிர் புதையலையும் எண்ணும். புகை அதைத் தொட முடியாது.

இருக்கையில் துண்டு போட்டவர்கள்

துகள் பருத்ததுதான் காரணம், தாங்கியைக் குறை சொல்வானேன் என்று ஒருவர் கேட்கலாம். நண்பர் அதையே கேட்டார். பின் சென்சாரின் ஆட்டத்தை அந்த விடையால் விளக்க முடியாது என்பது என் பதில்.

கார்பன் மோனாக்சைடு உலோகப் பரப்பில் ஆக்சிஜனேற்றம் அடைவது எப்படி என்பதற்கு அமெரிக்க வேதியியலாளர் லாங்மியூர் 1922இலேயே வழி காட்டிவிட்டார். கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தையும் பல்லேடியத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். திருவிழா நாளில் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இருக்கைகளைப் பிடித்துவிடுவார்களே, அதைப் போல. ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டாகப் பிளந்து அமர, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காலி இடம் வேண்டும். குளிர்ந்த என்ஜினில் அது கிடைக்காது. ஏறக்குறைய 250, 300 டிகிரி வந்து, துண்டுகள் சில காற்றில் பறந்தால்தான் வினை தொடங்கும். அலுமினாவின் மேல் அமர்ந்த பல்லேடியத்தின் கதை இது. அலுமினா இருக்கை தரும், அதற்குமேல் தலையிடாது.

சீரியம் ஆக்சைடு அப்படிச் சும்மா இருப்பதில்லை. அதன் சீரிய அணு நான்கு நேர்மின்சுமையிலிருந்து மூன்று நேர்மின்சுமைக்கு எளிதாக இறங்கும். இறங்கும்போது படிகத்திலுள்ள ஆக்சிஜனை விட்டுக்கொடுக்கும். அந்த ஆக்சிஜன் உலோகத்தின் இருக்கைக்குப் போட்டியிடாமல், துகளும் ஆக்சைடும் சந்திக்கும் ஓரத்தில் பக்கவாட்டிலிருந்து வந்து, துண்டு போட்டு உட்கார்ந்திருக்கும் கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டைஆக்சைடாக்கி அனுப்பிவிடும். காலியான ஆக்சிஜன் இடத்தைப் புகையில் காற்று கூடும் நேரத்தில் ஆக்சைடு நிரப்பிக்கொள்ளும். ஆக்சைடு தன் உடம்பிலிருந்தே ஆக்சிஜனைக் கொடுத்துப் பிறகு ஈடுகட்டிக்கொள்ளும் இந்த வழியை மார்ஸும் வான் கிரெவலனும் 1954இல் விளக்கினார்கள். வினை நடப்பது அந்த ஓரத்தில்தான் என்பதைப் பிளாட்டினம், பல்லேடியம், நிக்கல் துகள்களை ஒரே சீரான அளவுகளில் செய்து சீரியத்தின்மேல் வைத்து, கார்னெல்லோவும் சகாக்களும் 2013இல் காட்டினார்கள். துகள் சிறுக்கச் சிறுக்க ஓரம் நீளும், வேகமும் அதற்கேற்ப ஏறியது. அலுமினாவின்மேல் அந்த உறவு இல்லை.

உறவு ஒருவழிப்பாதையும் அல்ல. தனிச் சீரியம் ஆக்சைடின் மேற்பரப்பை ஹைட்ரஜனால் ஒடுக்க, அதாவது அதன் ஆக்சிஜனைப் பறிக்க, 500 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். மேலே கொஞ்சம் பல்லேடியமோ பிளாட்டினமோ இருந்தால் 200 டிகிரிக்குக் கீழேயே அது நடந்துவிடும். ஆட்டுக்கல்லை விலைபேச வந்தவர் குழவியை மட்டும் எடை போட்டால் எப்படியோ, உலோகத்தை மட்டும் எண்ணுவதும் அப்படித்தான்.

சேமிப்பின் அளவைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு கன்வர்ட்டரில் 50 கிராம் சீரியம் ஆக்சைடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது முழுவதும் ஒடுங்கினால் 2.3 கிராம் ஆக்சிஜன் வரும், அறை வெப்பத்தில் 1.8 லிட்டர். நடைமுறையில் நொடிக்கு நொடி கைமாறுவது இதில் ஒரு பகுதிதான். ஆனால் பின் சென்சாரின் கோட்டைத் தூங்கவைப்பது அந்தப் பகுதிதான். பருத்துவிட்ட பரலில் உட்புற ஆக்சிஜன் வெளியே வர நேரமாகும். அதற்குள் என்ஜின் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடும். மாமாவின் காரில் நடந்தது இதுதான்.

இங்கே கொஞ்சம் வழிவிலக வேண்டும், ஏனென்றால் தாங்கியை அலட்சியம் செய்தது நான் மட்டும் அல்ல. தங்கம் வினையூக்கியாக உதவாது என்றே பெரும்பாலானோர் நம்பியிருந்தார்கள். 1987இல் ஜப்பானில் ஹருட்டாவின் குழு, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகளின்மேல் தங்கத்தை நானோ துகளாக அமர்த்தியபோது, உறைபனிக்கு மிகக் கீழே, மைனஸ் 70 டிகிரியிலும் கார்பன் மோனாக்சைடு எரிந்தது. ஆக்சைடு கெடுத்த கதையும் உண்டு. 1978இல் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் டாஸ்டரும் சகாக்களும் டைட்டானியம் ஆக்சைடின்மேல் பிளாட்டினக் குடும்ப உலோகங்களை வைத்து 500 டிகிரியில் ஹைட்ரஜனில் சூடாக்கினார்கள். உலோகம் ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் பிடிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. துகள் பருக்கவில்லை. ஒடுங்கிய டைட்டானியம் ஆக்சைடு மெல்லப் படர்ந்து உலோகத்தின்மேல் போர்வை போட்டிருந்தது என்பது பின்னால் தெளிவானது. எனக்கு இவற்றைவிட வியப்பானது ஜப்பானிய வேதியியலாளர் இச்சிக்காவா அதே 1978இல் ரோடியத்தை வைத்துச் செய்தது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேரும் அதே வினை, அதே ரோடியம். துத்தநாக ஆக்சைடிலும் மக்னீசியம் ஆக்சைடிலும் வைத்தால் மெத்தனால், லாந்தனம் ஆக்சைடிலும் டைட்டானியம் ஆக்சைடிலும் வைத்தால் எத்தனால், சிலிக்காவில் வைத்தால் பெரும்பாலும் மீத்தேன். உலோகத்தை மாற்றாமல் விளைபொருளையே மாற்ற முடிகிறது என்றால், 'செயலற்ற பொருள்' என்று பாடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மலிவு விலை கன்வர்ட்டர்

இனி கசப்பான பகுதி. அசல் கன்வர்ட்டரின் விலையைக் கேட்டதும் மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. உதிரிபாகக் கடை ஒன்றில், "அதே உலோகம், அதே அளவு" என்ற உறுதிமொழியோடு, மூன்றில் ஒரு பங்கு விலைக்கு ஒன்றை வாங்கி மாட்டினார். நான் தடுக்கவில்லை, அந்தக் கடைக்காரரின் வாக்கியத்தில் குறை கண்டுபிடிக்க எனக்கே அப்போது தெரியாது. மூன்றாம் நாள் புகைச் சான்றிதழும் கிடைத்தது. சூடான, ஒரே சீராக ஓடும் என்ஜினில் கொஞ்சம் உலோகம் இருந்தாலே கார்பன் மோனாக்சைடு எரிந்துவிடும். பெட்ரோல் காருக்கான இந்தச் சோதனை நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதும் இல்லை. ஐந்து வாரத்தில் விளக்கு திரும்பி வந்தது. அதே பி0420. பின் கோடு மீண்டும் ஆடியது.

கடைசியில் அசலையே மாட்டினார்கள். கழற்றிய மலிவுப் பெட்டியையும் அறுத்து, இரண்டு பொடிகளையும் எடுத்துக்கொண்டுதான் நான் ஓசூர் போனேன். கடைக்காரர் முதல் மூன்று வரிகளோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்: பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். "கீழே இன்னும் இருக்கிறதா அண்ணே?" என்று கேட்டேன். விரலால் தள்ளினார். சிர்கோனியம், சீரியம், லாந்தனம், பேரியம் என்று வரிசை வந்தது. அவர் அதுவரை அங்கே போனதே இல்லையாம்.

பழைய அசலில் சீரியமும் சிர்கோனியமும் தாராளமாக இருந்தன. மலிவுப் பெட்டியில் சீரியம் கொஞ்சம், சிர்கோனியம் பெயரளவுக்கு, லாந்தனம் காணவில்லை. சிர்கோனியம் கலந்தால்தான் சீரியம் சூட்டில் பருக்காமல் தாக்குப்பிடிக்கும், உட்புற ஆக்சிஜனும் எளிதில் நகரும்; 1990களில் கன்வர்ட்டர்களின் ஆயுளைக் கூட்டியது அந்தக் கலப்புதான். லாந்தனம் காமா அலுமினா ஆல்பாவாக மாறுவதைத் தள்ளிப்போடும். இந்த இரண்டும் இல்லாத பூச்சு, மிஸ்ஸிங் எதுவும் இல்லாமலேயே, சாதாரண நெடுஞ்சாலைச் சூட்டில் தளர்ந்துபோனதில் வியப்பில்லை.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மலிவுப் பெட்டியில் பல்லேடியமும் அசலைவிடக் குறைவுதான்; ரோடியம் இருந்ததாகவே சொல்ல முடியாது. எனவே அதன் தோல்வியை முழுக்க ஆக்சைடின் தலையில் கட்ட மாட்டேன்; இரண்டும் ஒரே நேரத்தில் மாறிய சோதனை அது. வகுப்பில் ஒரு மாணவர் இப்படி இரண்டு மாறிகளை ஒன்றாக மாற்றிவிட்டு வந்தால் திருப்பி அனுப்புவேன். வலுவான சாட்சி பழைய அசல்தான். அதில் உலோகத்தின் அளவு மாறவில்லை, தாங்கி மட்டுமே இடிந்தது. ஓரத்துப் பொடியும் நடுப்பொடியும் ஒரே பெட்டி, ஒரே பூச்சு, ஒரே பெட்ரோல். அந்த ஒப்பீட்டைத்தான் நான் நம்புகிறேன்.

புதிய அசல் மாட்டிய அன்று மெக்கானிக் மறுபடி கோடுகளைக் காட்டினார். முன் கோடு வழக்கம்போல ஏறி இறங்கியது. பின் கோடு 0.65 வோல்ட்டில் ஒரு சிறு நெளிவோடு கிடந்தது. மாமா நான்கு காயில்களையும் புதிதாக மாற்றச் சொன்னார். பழுதானது ஒன்றுதான் என்று மெக்கானிக் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

ஓசூர்க் கடையில் இரண்டு பெட்டிகளின் தேன்கூட்டையும் எடை போட்டார்கள். பழைய அசலுக்கு நல்ல விலை கிடைத்தது. வேலை செய்யும் கன்வர்ட்டராக இருந்தாலும் அதே விலைதானாம். உலோகத்தைப் பிரிக்கும் உலையில் பீங்கானும் அலுமினாவும் சீரியமும் கசடாகப் போய்விடும் என்றார் கடைக்காரர். மாமா பணத்தை எண்ணி முடித்து, மூன்றாம் வரிக்குக் கீழே இருந்ததற்கு எவ்வளவு என்று கேட்டார்.

"மண்ணுக்கு யார் காசு தருவார்கள் ஐயா?" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் அடுத்த பெட்டியை எடுத்தார்.